‘வேலை நின்னுபோச்சு’ என்ற வாக்கியம்

நான் துணை ஆசிரியராக இருக்கும் ஆங்கிலச் சட்ட ஆய்விதழ் என்னைவிட வயதில் மூத்தது. பெங்களூரில் ஒரு சட்டக் கல்லூரியின் மாடியில், நூலகத்தை ஒட்டிய நீளமான அறைதான் அதன் அலுவலகம். நான் பிறப்பதற்கு முன்பே அந்த அறையில் யாரோ உட்கார்ந்து அடிக்குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, கல்லூரி முதல்வர்கள் வந்தார்கள், போனார்கள். இதழ் மட்டும் தவணை தவறாமல் வந்துகொண்டே இருந்தது. அதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் கர்வம் உண்டு.

எங்கள் வீடு தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்தில். அம்மா மாநகராட்சியில் தெருக் கூட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் சட்டம் படித்து, கல்லூரியில் பாடம் நடத்த ஆரம்பித்து, பிறகு இதழிலும் சேர்ந்தபோது, எதிர்வீட்டு அக்கா, “பத்திரிகையிலயா? அப்போ டிவியில வருவியா?” என்று கேட்டார். அம்மாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

“நீ அதுல எழுதறியா?”

“இல்லம்மா. மத்தவங்க எழுதி அனுப்புவாங்க. அது சரியா இருக்கான்னு அந்த விஷயம் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு அனுப்புவோம். அவங்க படிச்சுட்டு, போடலாமா வேணாமான்னு சொல்லுவாங்க.”

“தெரிஞ்சவங்கன்னா போடலாம்னுதானே சொல்லுவாங்க?”

“யார் எழுதினதுன்னே அவங்களுக்குத் தெரியாது. பேரை எடுத்துட்டுத்தான் அனுப்புவோம். யார் படிச்சாங்கன்னு எழுதினவங்களுக்கும் தெரியாது.”

“பப்ளிக் பரீட்சை மாதிரின்னு சொல்லேன்” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு என் வேலையை விளக்க நான் கஷ்டப்பட்டதே இல்லை. கேட்பவர்களுக்கெல்லாம் அவளே சொல்லிவிடுவாள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்களுக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஆனேக்கல் பக்கத்து வக்கீல். தாய்மொழி கன்னடம், தமிழ் காதால் புரியும், வாயில் வராது. தொழிலாளர் வழக்குகளே நடத்துகிறவர். சந்தாபுரா சுற்றுவட்டாரத்தில் பெரிய கம்பெனிகளுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் தமிழ்ப் பெண்களைப் பற்றி எழுதியிருந்தார். காண்ட்ராக்டர் அவர்களைத் திடீரென்று வேண்டாம் என்றுவிடுகிறார். அவர்கள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அங்கே, ‘நாங்கள் நீக்கவில்லை, அவர்களாகவேதான் வேலையை விட்டுப் போனார்கள்’ என்கிறார் காண்ட்ராக்டர். வழக்கு தள்ளுபடி ஆகிறது. காரணம், அந்தப் பெண்களே சாட்சிக் கூண்டில் நின்று ‘நான் வேலையை நிறுத்திவிட்டேன்’ என்று சொன்னதாக ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது.

வக்கீலின் வாதம் இதுதான்: சட்டம் தெரியாததால் தொழிலாளர்கள் தங்களுக்கு எதிராகத் தாங்களே ஒப்புக்கொண்டு விடுகிறார்கள். ஆகவே சாட்சி சொல்லும் முன் அவர்களுக்கு இலவச சட்ட உதவியும் பயிற்சியும் தர வேண்டும். நல்ல மனதோடு எழுதிய கட்டுரை. நடையும் தெளிவாக இருந்தது. மதிப்பாய்வாளர்கள் இரண்டு பேருமே சிறு திருத்தங்களோடு போடலாம் என்று எழுதிவிட்டார்கள். அந்த இதழின் முதல் கட்டுரையாகவே அதை வைப்பது என்று முடிவானது.

அச்சுக்குப் போகும் முன் பின்னிணைப்புகளைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்பது என் பொறுப்பு. பின்னிணைப்பு யாரும் படிக்காத பகுதி. அதில் அவர் அந்தப் பெண்களின் பேச்சைச் சேர்த்திருந்தார். கோர்ட்டில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை ஒலிப்பதிவு செய்து, தமிழ் தெரிந்த தோழி ஒருவரை அப்படியே எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே கோர்ட் பதிவின் ஆங்கில வாக்கியமும் இருந்தது.

முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். ‘தீபாவளியோட எனக்கு வேலை நின்னுபோச்சு.’

அதற்கு எதிரே ஆங்கிலத்தில்: தீபாவளிக்குப் பிறகு நான் வேலையை நிறுத்திவிட்டேன்.

அடுத்ததைப் பார்த்தேன். இன்னொரு பெண். ‘அதோட வேலை நின்னுபோச்சுங்க.’ எதிரே அதே ஆங்கிலம். அதற்கடுத்ததும் அப்படியே.

எங்கள் தெருவில் இந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அப்பாவுக்கு மில்லில் வேலை போனபோது வீட்டில் சொன்ன வார்த்தை அதுதான். மழை நின்னுபோச்சு, பஸ் நின்னுபோச்சு என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. அதில் ‘நான்’ கிடையாது. நான் நிறுத்தவில்லை. எனக்கு அது நின்றது. ஆங்கிலத்தில் எழுதியவர் அந்த ‘எனக்கு’வைத் தூக்கி ‘நான்’ ஆக்கிவிட்டார். ஒப்புக்கொள்ளாத ஒன்றை ஒப்புக்கொண்டதாக எழுதி, வழக்கையும் முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்களுக்காகவே வாதாடுகிற வக்கீலும் அதையே நம்பி, ‘பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார்கள்’ என்று அவர்கள்மேல் இரக்கப்பட்டு ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்.

எனக்குக் கோபமும், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் சேர்ந்து வந்தன. நேராகத் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனேன். அவர் பேராசிரியர், மைசூர்ப் பக்கம், என்னைவிட இரண்டு வயது இளையவர். நாங்கள் ஆங்கிலமும் கன்னடமும் கலந்துதான் பேசிக்கொள்வோம். பக்கத்தை அவர் முன் வைத்து விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் கையைத் தூக்கினார்.

“கெலச நிந்து ஹோய்த்து. கன்னடத்துல நாங்களும் இப்படித்தானே சொல்லுவோம்! இதுல எங்க வந்தது ‘நான்’?”

“அதைத்தான் மேடம் சொல்றேன். கட்டுரையை நிறுத்தணும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நீங்க சொல்றது எனக்குப் புரியுது, நம்பறேன். ஆனா நீங்க சொன்னீங்கன்னு இந்த இதழ் ஒரு கட்டுரையை நிறுத்த முடியாது. நான் சொன்னாலும் முடியாது. ரெண்டு பேர் படிச்சு சரின்னு சொன்ன கட்டுரை இது. நமக்கு எழுதினவர் பேர் தெரியும், ஊர் தெரியும். சட்டமும் தமிழும் தெரிஞ்ச மூணாவது ஆள் ஒருத்தருக்கு அனுப்புங்க. உங்க சந்தேகத்தையும் சொல்லாதீங்க. மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பாருங்கன்னு மட்டும் கேளுங்க. அவருக்கே தோணுதான்னு பாப்போம்.”

அந்த நிமிடம் முகம் சுருங்கிப்போனது உண்மை. ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவளுக்கு இந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னொருவர் சான்று வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே என் மேஜைக்குத் திரும்பினேன். ஆனால் மூன்றாவது நபரைத் தேடிக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது கோபம் இறங்கிவிட்டது. நாளைக்கு இன்னொரு துணை ஆசிரியர் வந்து, தனக்குத் தோன்றியது என்று ஒரு நல்ல கட்டுரையை நிறுத்தினால் நான் ஒப்புக்கொள்வேனா? மாட்டேன்.

இதழ் தள்ளிப்போகும் என்றதும் ஆசிரியர் குழுவில் சலசலப்பு. குழுவின் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற பேராசிரியர், பல்லாண்டு இந்த இதழோடு இருப்பவர், போனிலேயே சத்தம் போட்டார். “ஒரு வினைச்சொல்லுக்காக இதழை நிறுத்துவீங்களா? இத்தனை வருஷத்துல நாம லேட்டா வந்ததே கிடையாதே!” தலைமை ஆசிரியர் அமைதியாகச் சொன்னார்: “லேட்டா வந்தா மன்னிப்பு கேட்டுக்கலாம் சார். தப்பா வந்தா என்ன பண்றது?”

மூன்றாவது மதிப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அவர் யார் என்று இப்போதும் நான் சொல்லக் கூடாது. நீளமான அறிக்கை. கட்டுரையின் உழைப்பை மெச்சிவிட்டு, நேராக அந்த வாக்கியத்துக்கு வந்திருந்தார். இந்தத் தமிழ் வாக்கியத்தில் தொழிலாளி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, யார் நிறுத்தியது என்று அதில் இல்லவே இல்லை, கட்டுரையின் மைய வாதம் இதன்மேல் நிற்பதால் கட்டுரையை இப்படியே வெளியிட முடியாது என்று எழுதியிருந்தார். நான் சொல்லாமலே, என் மனதில் இருந்தது வேறொருவர் கையெழுத்தில் வந்தது போல இருந்தது. என்னைவிட ஒரு படி மேலேயும் போயிருந்தார்: காண்ட்ராக்டர் நிறுத்தினார் என்றும் அந்த வாக்கியம் சொல்லவில்லை, அதையும் மறந்துவிடக் கூடாது என்று ஒரு வரி. அது எனக்குத் தோன்றவே இல்லை. நான் அந்தப் பெண்கள் பக்கம் சாய்ந்து படித்திருக்கிறேன். இவர் வாக்கியத்தை மட்டும் படித்திருக்கிறார்.

பெயரை நீக்கி அறிக்கையை வக்கீலுக்கு அனுப்பினேன். மறுநாளே போன், கன்னடத்தில்.

“மேடம், ரெண்டு பேர் ஓகே சொன்னதுக்கப்புறம் மூணாவது ஆளுக்கு அனுப்புவீங்களா? என் மூஞ்சி யாருக்காவது பிடிக்கலையா?”

“உங்க மூஞ்சியே அவங்களுக்குத் தெரியாது சார்.”

“நான் அந்தப் பெண்களுக்காக இலவசமா கேஸ் நடத்தறவன். அவங்களுக்கு எதிரா நான் எழுதுவேனா?”

“எதிரா எழுதினீங்கன்னு யாரும் சொல்லலை. அவங்க சொல்லாததைச் சொன்னதா எழுதியிருக்கீங்கன்னுதான் சொல்றாங்க.”

அந்தப் பக்கம் ஓசூர் ரோட்டு லாரிச் சத்தம் கேட்டது. “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மெயிலுக்குப் பதில் இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்று வேறெங்காவது அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு மற்றக் கட்டுரைகளின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் அவரே படியேறி வந்தார். மெலிந்த மனிதர், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். உட்காரச் சொல்லும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“திரும்பப் போய்க் கேட்டேன் மேடம். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போனேன். ‘வேலை நின்னுபோச்சுன்னு சொன்னீங்களே, யார் நிறுத்தினாங்க?’ன்னு கேட்டேன். ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. ‘சூப்பர்வைசர்தான் சார், கேட்டுல நின்னுட்டு, நாளையிலேர்ந்து வராதேன்னாரு’ன்னாங்க. இதை ஏம்மா கோர்ட்ல சொல்லலைன்னேன். ‘கோர்ட்ல யாரும் கேக்கலியே சார். நீங்களும் கேக்கலியே’ன்னாங்க.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பியூன் அண்ணனிடம் காபி சொல்லிவிட்டு வந்தேன்.

“என் கேஸ் மேடம் அதெல்லாம்” என்றார். “இத்தனை வருஷம் அவங்களுக்கு சட்டம் தெரியலைன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

“எழுதுங்க சார்” என்றேன். “இதையே எழுதுங்க.”

எழுதினார். கட்டுரை அடியோடு மாறியிருந்தது. தொழிலாளர்களின் அறியாமை பற்றிய பகுதி முழுக்கப் போய்விட்டது. தமிழில் சொன்ன வாக்கியம், பெஞ்ச் கிளார்க் வழியாகக் கன்னடத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலப் பதிவாகும்போது, யார் செய்தது என்பது எந்த இடத்தில் நுழைகிறது என்று படிப்படியாகக் காட்டியிருந்தார். வாக்கியத்தில் செய்தவர் இல்லாதபோது நீதிமன்றம் அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும், கேட்காமல் விட்ட பதிவை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது புதிய வாதம். தன் வழக்குகளையும் உதாரணத்தில் சேர்த்திருந்தார், தான் கேட்கத் தவறியதையும் மறைக்கவில்லை. மூன்று மதிப்பாய்வாளர்களுக்கும் மறுபடி அனுப்பினோம். மூன்று பேரும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாமவர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: அந்தப் பெண்கள் பேசிய வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துச் சாய்வெழுத்தாகப் போடாமல், தமிழ் எழுத்திலேயே கட்டுரையின் உள்ளே அச்சிட வேண்டும்.

எங்கள் இதழில் அதுவரை ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எழுத்து வந்ததில்லை. எதை எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் எங்கள் நடைவிதிப் புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஆசிரியர் குழு கூடியது. ஒரு உறுப்பினர் நியாயமாகவே கேட்டார்: “டெல்லியில படிக்கிறவருக்குத் தமிழ் எழுத்து எப்படிப் புரியும்? பக்கத்துல மொழிபெயர்ப்பு போடத்தான் போறோம். அப்புறம் எழுத்து எதுக்கு?”

நான் வாயைத் திறக்கும் முன், இதழ் தாமதமாவதற்குச் சத்தம் போட்ட அந்த மூத்த பேராசிரியர் பேசினார். “நாம எத்தனை லத்தீன் வாக்கியம் போடறோம்! பக்கத்துக்குப் பக்கம் லத்தீன். யாருக்குப் புரியுதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கோமா? இந்தக் கட்டுரையே மொழிபெயர்ப்பு தப்பாப் போனதைப் பத்தினது. அதுக்கு நம்ம மொழிபெயர்ப்பை மட்டும் நம்புங்கன்னு சொன்னா எப்படி? மூல வாக்கியம் பக்கத்துல இருக்கணும். சந்தேகப்படறவர் தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைப் பிடிச்சுக் கேட்டுக்கட்டும்.”

அவருக்கும் தமிழ் தெரியாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். நடைவிதியில் ஒரு வரி சேர்ந்தது: சாட்சியத்தின் சொற்களே விவாதமாக இருக்கும்போது, அவை பேசப்பட்ட மொழியின் எழுத்திலேயே அச்சாகும்.

விதி சேர்ந்தது சுலபம். அச்சடிப்பதுதான் பாடாகிவிட்டது. எங்கள் இதழைப் பக்கம் கட்டுபவர் அடுகோடியில், வெல்டிங் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சின்ன இடத்தில் இருக்கிறார். நடுத்தர வயது, கன்னடம் அவர் மொழி, கை வேகம் அபாரம். அவர் அனுப்பிய முதல் மெய்ப்பைப் பார்த்ததும் தலையில் கை வைத்தேன். கொம்பு தனியாக, கால் தனியாக, எழுத்து தனியாக நின்றன. ‘போச்சு’ என்பதில் பகரத்தைக் காணவே காணோம். நேரில் போனேன்.

“மேடம், ஸ்க்ரீன்ல சரியா இருக்கு, பிடிஎஃப் பண்ணா உடையுது” என்றார். “படமாப் போட்டுடலாமே. உடையவே உடையாது.”

“படமாப் போட்டா நாளைக்கு யாராவது இந்த வாக்கியத்தைத் தேடினா கிடைக்காது அண்ணா. எழுத்தாவே வேணும்.”

அவர் பெருமூச்சு விட்டார். ஃபாண்ட் மாற்றினோம், சாஃப்ட்வேரில் எதையோ தட்டினார், மறுபடி மாற்றினோம். பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தத்துக்கு நடுவே நான் ஒவ்வொரு எழுத்தாக அவருக்குச் சொன்னேன்: இந்தக் கொம்பு இந்த எழுத்துக்கு முன்னால், இந்தக் கால் பின்னால், நடுவில் இடைவெளி கூடாது. கடைசியில் ஒரு பிடிஎஃப் முழுசாக வந்தது. அவர் பெரிதாக்கிக் காட்டினார். “சரியா மேடம்?” வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தேன். “நம்ம கெலச மட்டும் நிக்கல மேடம்” என்று சிரித்தார்.

இதழ் தாமதமாகத்தான் வந்தது. முதல் பக்கத்தில் தலைமை ஆசிரியர் அதற்கு வருத்தம் தெரிவித்து, காரணத்தையும் மறைக்காமல் எழுதியிருந்தார். வருத்தம் தெரிவிக்கிற பக்கத்தைப் படித்து இவ்வளவு பெருமைப்பட முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். இந்த இதழை நான் எத்தனையோ முறை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன், அதை அவள் துடைத்து அலமாரியில் வைப்பாளே தவிரத் திறந்தது கிடையாது. அன்றைக்கு நானே அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே விரலை ஓட்டி, தமிழ் வந்த இடத்தில் நிறுத்தினாள்.

“தீபாவளியோட எனக்கு வேலை நின்னுபோச்சு” என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “யாருக்கு?”

சந்தாபுரா பெண்களின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இதையா அவங்களே விட்டுட்டாங்கன்னு எழுதினாங்க?” என்றாள். பிறகு பக்கத்தை மறுபடி பார்த்தாள். “நம்ம பேசற மாதிரியே போட்டிருக்காங்க. திருத்தாம.”

“நாங்கதாம்மா போட்டோம்.”

“ஆமா, நீங்கதான்” என்றாள். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அந்த வாக்கியத்தை அவரையும் படிக்கச் சொன்னாள். அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

கட்டுரை வெளிவந்து பல மாதம் கழித்து வக்கீல் போன் செய்தார். வேறொரு வழக்கு, வேறு பெண்கள். கட்டுரைப் பிரதியைத் தாக்கல் செய்திருக்கிறார். சாட்சி சொன்ன பெண் அதே மாதிரி ‘வேலை நின்னுபோச்சு’ என்றிருக்கிறார். கிளார்க் மொழிபெயர்க்க வாயைத் திறந்ததும் நீதிபதி கையமர்த்தி, “யார் நிறுத்தினாங்கன்னு கேளுங்க” என்றாராம்.

“கேட்டாங்க மேடம்!” என்றார். “பதிவுல ஏறியாச்சு. கேள்வி, பதில், ரெண்டுமே.”

அந்த வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. அந்தப் பழைய வழக்குகள் இப்போது உயர் நீதிமன்றத்தில் இருக்கின்றன. அதிலெல்லாம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டுரையால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அலுவலகத்தில் எல்லோரிடமும் போய்ப் போய் அதைச் சொன்னேன். பியூன் அண்ணனிடம்கூடச் சொன்னேன். தலைமை ஆசிரியர் அந்த மூன்று மதிப்பாய்வாளர்களுக்கும் நன்றிக் கடிதம் அனுப்பச் சொன்னார், தனித்தனியாக, ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல்.

போன வாரம் புதிய கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. சொத்துப் பத்திரங்களில் பெண்கள் தரும் வாக்குமூலங்களைப் பற்றியது. எழுதியவர் எங்கள் நடைவிதியைச் சுட்டிக்காட்டி, வாக்குமூலங்களை உருது எழுத்திலேயே அச்சிட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அடுகோடி அண்ணனுக்குப் போன் போட்டேன். “வலமிருந்து இடமா மேடம்?” என்று கேட்டுவிட்டு, “அனுப்புங்க, பாத்துக்கலாம்” என்றார். உருது படித்த, சட்டம் தெரிந்த மதிப்பாய்வாளர்களை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.